ஒட்டாத கறுப்பு ஒயர்

நுர்காஸியின் கடை ஓர் இரும்புப் பெட்டி. ஒரு காலத்தில் கப்பலில் சரக்கு சுமந்தது. கடலே இல்லாத இந்த மலைநாட்டுக்கு எப்படியோ வந்து சேர்ந்து, அத்-பாஷி பஜாரின் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டது. வெயில் காலத்தில் அது அடுப்பு, பனிக்காலத்தில் ஐஸ் பெட்டி. மூலையில் நிலக்கரி அடுப்பு ஒன்று உண்டு. மூட்டினால் முதுகு வேகுமே தவிர விரல் சூடாகாது. விரலைத் தேய்த்துத் தேய்த்து உயிர் வரவழைத்துக்கொண்டுதான் அவன் ஈயம் உருக்கி ஒட்டுகிற சால்டரிங் கம்பியைக் கையில் எடுப்பான்.

தலைநகர் பிஷ்கெக்கில் மின்னணுவியல் படித்தவன், கொஞ்ச காலம் டெலிபோன் கம்பெனியிலும் இருந்தவன். ஊருக்குத் திரும்பியபின் டிவி, செல்போன், ரௌட்டர் என்று எது வந்தாலும் பார்ப்பான். ஆனால் நிதானம். 'நுர்காஸிகிட்ட குடுத்தியா? அப்ப உன் பேரன் போய் வாங்கிக்குவான்' என்று பஜாரில் கேலி பேசுவார்கள். சரியாகாத பொருளைச் சரியாகிவிட்டது என்று அவனால் சொல்ல முடியாது. சொன்னாலும் முகம் காட்டிக் கொடுத்துவிடும். பொய் சொல்லத் தெரியாதது பெருமையில்லை, ஒரு குறை என்றுதான் அவன் மனைவி அய்ஸாதா சொல்லிக்கொண்டிருந்தாள்.

அய்ஸாதா இறந்த சேதி அவனுக்கு வந்த விதம் ஊருக்கே தெரியும், யாரும் பேசுவதில்லை. உதிரி பாகங்கள் வாங்க அவன் அல்மாட்டிக்குப் போயிருந்தான். திரும்பும் வழியில் மினிபஸ்ஸின் கடைசி இருக்கையில், தூங்கிக்கொண்டிருந்த ஒருவருக்கும் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த ஒருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தான். பள்ளித் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ எழுதியிருந்தார்கள்: 'அவள் மண் பட்டாகட்டும்.' செத்தவருடைய வீட்டாருக்குச் சொல்கிற ஆறுதல் வார்த்தை அது. பாவம், யாருக்கு என்று மேலே தள்ளிப் பார்த்தான். அவனுக்குத்தான்.

சாவுச் சேதியை அப்படி யாரிடமும் எறிந்துவிட்டுப் போகிற வழக்கம் அங்கே இல்லை. உரியவருக்குத் தெரியாமல் ஊர் முழுக்கக் காத்து வைத்திருக்கும். ஏதோ சாக்குச் சொல்லி வீட்டுக்கு வரவழைத்து, சொந்தமெல்லாம் சூழ்ந்து நின்றபின், பெரியவர் ஒருவர் பறந்துபோன பறவையிலோ ஓடிப்போன குதிரையிலோ ஆரம்பித்து மெல்ல மெல்ல அங்கே கொண்டுவந்து சேர்ப்பார். சொல்லி முடிக்கும்போது விழுகிறவரைப் பிடிக்க இரண்டு பக்கமும் கைகள் இருக்கும். நுர்காஸிக்கும் அப்படித்தான் ஏற்பாடாகியிருந்தது. அவன் வாசலில் இறங்கியதும் பெரியவர் பறவையில் ஆரம்பித்தார். அவன் முகத்தைப் பார்த்தார். பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டார். அதற்குப்பின் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவனுக்கும் அழத் தெரியவில்லை. அழ வேண்டிய இடத்தைத் தாண்டி வந்துவிட்டவன்போல நின்றுகொண்டிருந்தான்.

அந்த மார்ச் மாதப் பகலில், சேறும் பனியுமாகக் கிடந்த பஜாரைக் கடந்து புருல் அக்கா வந்தபோது அவன் விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"டேய் நுர்காஸி, உயிரோட இருக்கியா, உறைஞ்சு போயிட்டியா?"

"பாதி உறைஞ்சிருக்கேன். உக்காருங்கக்கா."

வயது அறுபதைத் தாண்டியவள், பஜாருக்குப் பின்தெருவில் தனியாக இருக்கிறாள். சோவியத் காலத்தில் ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அந்தக் குரல் இன்னும் குறையவில்லை. சால்வைக்குள்ளிருந்து குழந்தையை எடுப்பதுபோல ஒரு ரௌட்டரை எடுத்து மேஜையில் வைத்தாள். கூடவே ஒரு துணிமூட்டையில் எண்ணெயில் பொரித்த போர்சோக் மாவுருண்டைகள்.

"நேத்து சாயங்காலம் நல்லாத்தான் இருந்துச்சு. என் அக்கா மகன் கீலிச் வந்தான். 'சித்தி, இதுக்கு ஏதோ புதுசா ஏத்தணும்'னு குடைஞ்சான். அவ்வளவுதான், செத்துப்போச்சு. என் போனையும் கண்ணாடி மாத்தித் தரேன்னு எடுத்துட்டுப் போயிட்டான். ஆளு அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வரல."

"அவன் எதுக்குக்கா இதைத் தொட்டான்?"

"எல்லாம் தெரிஞ்ச மேதாவி இல்ல அவன்! கழுதைக்கு லாடம் அடிக்கிறவன் கையில கடிகாரத்தைக் குடுத்த கதை. நீ சீக்கிரம் பாரு. சாயங்காலம் சுயுன்பெக் கூப்பிடுவான்."

சுயுன்பெக் அவளுடைய ஒரே மகன். மாஸ்கோவில் கட்டட வேலை. இந்த ரௌட்டரும் வீட்டிலிருக்கும் டேப்லெட்டும் அவன் அனுப்பியவை. தினமும் வேலை முடிந்து தட்டோடு வந்து உட்காருவான். இவள் இங்கே தன் தட்டை டேப்லெட்டுக்கு முன்னால் வைத்துக்கொள்வாள். இருவரும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள்.

"நேத்து நான் வரலேன்னதும் அந்தப் பய கண்டிப்பா நூடுல்ஸ்தான் தின்னிருப்பான். நான் தட்டைப் பாக்கலேன்னா அவனுக்குக் கொண்டாட்டம். இன்னிக்கும் வரலேன்னு வை, கிழவி செத்துட்டான்னு டிக்கெட் எடுத்துடுவான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நுர்காஸியும் சிரித்தான். அப்போது அவனுக்கு ஒன்றும் தெரியாது.

ரௌட்டரைத் திருகு கழற்றித் திறந்தான். மின்சாரம் கொடுத்தால் ஒரே ஒரு விளக்கு எரிந்தது, மற்றவை இருட்டு. இந்த மாதிரிப் பலகையின் ஓரத்தில் வரிசையாக நாலு சின்ன ஓட்டைகள் இருக்கும். செய்தவர்கள் சோதித்துப் பார்க்க விட்டவை. அதில் மூன்று ஒயர் வைத்து லேப்டாப்பில் கோத்தால், செத்ததுபோலக் கிடக்கிற பெட்டிகூடத் தனக்கு என்ன வந்தது என்று எழுத்தெழுத்தாகச் சொல்லும்.

மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆன்டெனாவின் இரும்பில் வைத்து மறுமுனையை ஒவ்வொரு ஓட்டையாகத் தொட்டான். கடைசி ஓட்டையில் கீச்சென்றது. அது எர்த். இன்னொன்றில் மின்சாரம் நிலையாக நின்றது. அதைத் தொடக் கூடாது. மீதி இரண்டில் ஒன்று பேசும், ஒன்று கேட்கும். பச்சையும் வெள்ளையும் அதற்கு, கறுப்பு எர்த்துக்கு. மூன்றையும் வைத்து சால்டர் பிடித்து லேப்டாப்பைப் பார்த்தான். திரை கறுப்பாகவே இருந்தது.

"பேசுதா?" என்றாள்.

"இல்லக்கா. வாயில வைக்க வேண்டியதைக் காதுல வெச்சுட்டேன்னு நினைக்கிறேன்."

பச்சையையும் வெள்ளையையும் இடம் மாற்றினான். இப்போது எழுத்துகள் வந்தன. ஆனால் எந்த மொழியிலும் சேராத எழுத்துகள், கேள்விக்குறிகள், கட்டங்கள். வேகம் பொருந்தாவிட்டால் அப்படி வரும். லேப்டாப்பில் வேகத்தை மாற்றினான். குப்பைதான். இன்னொரு வேகம். வேறு குப்பை. புருல் அக்கா அவன் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள்.

"குடிகாரன் டிரங்க் கால் போட்ட மாதிரி இருக்கே."

அவன் கறுப்பு ஒயரை விரலால் லேசாக அசைத்தான். குப்பையின் உருவம் மாறியது. விஷயம் பிடிபட்டது. எர்த் ஓட்டை, பலகைக்குள் விரிந்து கிடக்கும் செப்புத் தகடு முழுவதோடும் சேர்ந்தது. வைக்கிற சூட்டையெல்லாம் தகடு குடித்துவிடும். இந்த இரும்புப் பெட்டியின் குளிரில் கேட்கவே வேண்டாம். ஈயம் பனித்துளி மாதிரி உருண்டு மேலே உட்கார்ந்திருக்கும். பார்த்தால் ஒட்டினதுபோலத் தெரியும். ஒட்டியிருக்காது.

"பலகையைக் கொஞ்சம் சூடு பண்ணணும்க்கா. எர்த் ஒட்டல." அடுப்பு மூடியின்மேல் துணியை மடித்துப் போட்டு அதன்மேல் பலகையை வைத்தான். அவள் கெட்டிலை நகர்த்தி இடம் கொடுத்தாள்.

அப்போதுதான் அவன் போன் அடித்தது. கீலிச்.

"அண்ணே, சித்தி அங்கயா இருக்காங்க?" மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டான்.

"ஆமா. நீ—"

"வெளிய வாங்கண்ணே. தயவுசெஞ்சு வெளிய வாங்க."

நுர்காஸி சிக்னல் இல்லாததுபோலப் போனைத் தூக்கிப் பார்த்துவிட்டு வெளியே வந்தான். அந்தச் சின்ன நடிப்புக்கே காது சுட்டது.

"அண்ணே, சுயுன்பெக் போயிட்டான். நேத்து காலையில. சாரத்துலேர்ந்து விழுந்துட்டான். உடம்பை அனுப்ப ஏற்பாடு பண்றாங்க. நாரீன்லேர்ந்து பெரியவங்களெல்லாம் கிளம்பிட்டாங்க, கணவாயில பனி, மெதுவா வராங்க. அவங்க வர்ற வரைக்கும் சித்திக்குத் தெரியக் கூடாது. நான்தான் அந்த ரௌட்டரைக் கெடுத்தேன். ஏத்திக்கிட்டிருக்கும்போதே கரண்ட்டைப் புடுங்கிட்டேன். டேப்லெட் உயிர் வந்தா போதும்ண்ணே, மாஸ்கோலேர்ந்து ஒவ்வொருத்தனும் எழுதி வெச்சிருக்கான். அவங்க தனியா உக்காந்து படிப்பாங்க. அண்ணே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல."

"நான் என்ன பண்ணணும்?"

"சரி பண்ணாதீங்க. ஆனா அவங்களை அங்கயே உக்கார வையுங்க. வீட்டுல பொம்பளைங்க சாவுக்கான வேலை பாத்துக்கிட்டிருக்காங்க. இப்ப அவங்க வரக் கூடாது."

போனை வைத்தபின்தான் பஜாரைக் கவனித்தான். எதிர்வரிசைச் சாக்ஸ் கடைக்காரி அவனைப் பார்த்ததும் பார்வையைத் தாழ்த்தினாள். ரேடியோக்கள் அணைந்திருந்தன. ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. உள்ளே அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து பலகையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருத்திக்கு மட்டும் தெரியாது.

"யாருடா? பொண்ணு கிண்ணு பாத்திருக்காங்களா?" என்றாள் உள்ளே வந்தவனிடம்.

"கஸ்டமர்க்கா."

"மூஞ்சி ஏன் அப்படி இருக்கு? திட்டினானா? திட்டத்தான் செய்வான். சரி, சூடாயிடுச்சு, எடு எடு. பொழுது போகுது."

எடுத்தான். வேறு என்ன செய்ய முடியும்? அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கறுப்பு ஒயரைக் கடைசி ஓட்டையில் வைத்து, இத்தனை வருடத்தில் முதல்முறையாக, ஒட்டக் கூடாது என்று வேண்டிக்கொண்டு சால்டர் வைத்தான். ஈயம் தண்ணீர்போல ஓடி ஓட்டைக்குள் இறங்கிப் பளபளவென்று நின்றது. அவன் வாழ்க்கையில் வைத்த அருமையான ஒட்டுகளில் ஒன்று.

லேப்டாப் திரையில் வரி வரியாக எழுத்துகள் ஓடின. தெளிவான எழுத்துகள். பெட்டி தன் கதையைச் சொன்னது: தலை இருக்கிறது, உடம்பு பாதியில் அறுந்திருக்கிறது, புது உடம்பு எங்கே என்று கேட்டுவிட்டு நின்றது. அந்த மாடலுக்கு உரிய கோப்பு அவன் லேப்டாப்பிலேயே இருந்தது. ஒரு குவளை டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

புருல் அக்கா டீ ஊற்றக் கெட்டில் பக்கம் திரும்பியிருந்தாள். நுர்காஸி சட்டென்று லேப்டாப் பக்கமிருந்த முனையில் கறுப்பு ஒயரை உருவிவிட்டான்.

"ஏதோ ஓடுற மாதிரி வெளிச்சம் தெரிஞ்சுதே?"

"இல்லக்கா. மறுபடியும் குப்பைதான்." குரல் அவனுடையதாக இல்லை.

"சரி, டீயைக் குடி. விரல் விறைச்சுப் போச்சு பாரு. விறைச்ச கையில எது ஒட்டும்?"

அதற்குப்பின் அவன் செய்ததெல்லாம் கூத்து. மல்டிமீட்டரை எடுத்துத் தொட்ட இடத்தையே மறுபடி தொட்டான். பச்சையைக் கழற்றினான், மாட்டினான். பூதக்கண்ணாடி வைத்துத் தேவையில்லாத மூலைகளைப் பார்த்தான். அய்ஸாதா இருந்திருந்தால் அவன் முகத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். சாலையில் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் காது நிமிர்ந்தது. ஒவ்வொன்றும் கடந்து போனது.

புருல் அக்காவுக்குப் பேச்சுத் துணை போதும். போர்சோக்கை டீயில் முக்கிக்கொண்டே எக்ஸ்சேஞ்சுக் காலத்துக்குப் போய்விட்டாள்.

"அப்பல்லாம் தந்தி என் கையிலதான் வந்து விழும். சாவுத் தந்தின்னா உடனே குடுக்கணும்னு சட்டம். நான் குடுக்க மாட்டேன். பாக்கெட்டுல போட்டுக்கிட்டு முதல்ல பெரியவங்க வீட்டுக்கு ஓடுவேன். ஒரு தடவை ஆட்டுப் பண்ணைக்காரி ஒருத்தி, புருஷன் ராணுவத்துல, அவனோட பேசணும்னு வந்து எதிர்ல உக்காந்துட்டா. தந்தி என் பாக்கெட்டுல இருக்கு. 'லைன் போடு, லைன் போடு'ங்கறா. நான் என்ன பண்றது? லைன் ஒயரை உருவிக் கையில வெச்சுக்கிட்டு, லைன் அறுந்து கிடக்கு, மலையில பனி, ஆளு போயிருக்காங்கன்னு சொல்லிக்கிட்டே சாயங்காலம் வரைக்கும் உக்கார வெச்சேன். டீ குடுத்தேன். கதை சொன்னேன். அவ பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டிருந்தா. அந்தச் சிரிப்பைப் பாக்கறதுதாண்டா—"

நிறுத்தினாள்.

நுர்காஸி பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. அவள் பார்வை எங்கே இருக்கிறது என்று நிமிராமலே தெரிந்தது. மேஜையில் கறுப்பு ஒயரின் முனை எதிலும் மாட்டாமல் கிடந்தது. மறுமுனையில் ஈயம் பளபளத்தது.

அடுப்பில் நிலக்கரி ஒன்று உடைந்து சரிந்தது.

"அந்தக் கறுப்பு வெளிய கிடக்கு," என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"ஆமாக்கா... அது... இப்ப..."

"நீயா உருவினே?"

அவன் பூதக்கண்ணாடியை வைத்துவிட்டுச் சால்டரிங் கம்பியை எடுத்தான். அவள் குவளையை மேஜையில் வைக்கப் போனாள். விளிம்பு கிடைக்காமல் குவளை இருமுறை தட்டியது.

"கீலிச்தானே போன்ல?"

"அக்கா—"

"வாயை மூடு!" அந்த எக்ஸ்சேஞ்சுக் குரல் இரும்புச் சுவரில் மோதியது. பிறகு இறங்கியது. "நீ சொல்லாதே. சொல்ல வேண்டியது நீ இல்ல. எனக்கு எதுவும் கேக்கல, நீ எதுவும் சொல்லல."

சால்வையை இழுத்து மார்பில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நுர்காஸி அவள் முகத்தைப் பார்த்தான். மினிபஸ்ஸின் கண்ணாடியில் அன்றைக்குத் தெரிந்தது இதே முகம்தான். எழுந்து பக்கத்தில் போகலாமா, கையைப் பிடிக்கலாமா என்று தெரியவில்லை. பிடித்தால் சொன்னதாகிவிடும். பிடிக்காவிட்டால் அவள் தனியாக இருக்கிறாள். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, சால்டரிங் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கம்பி நுனியிலிருந்து மெல்லிய புகை போய்க்கொண்டிருந்தது.

"மாட்டினா பேசிடுமா?" என்று கேட்டாள்.

"பேசும்க்கா."

"மாட்டாதே."

"மாட்டலக்கா."

"நீ வேலையைப் பாரு. எதையாவது தொட்டுக்கிட்டே இரு. சும்மா உக்காராதே, எனக்குப் பயமா இருக்கு."

அவன் மல்டிமீட்டரை எடுத்தான். எர்த்தில் வைத்தான். கீச். எடுத்தான். மறுபடி வைத்தான். கீச். அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, மடியில் கையை வைத்துக்கொண்டு, கதவைப் பார்க்காமல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் அசைந்தன. பிரார்த்தனையாக இருக்கலாம். பெயராகவும் இருக்கலாம்.

வெளியே இந்தமுறை வண்டிகள் கடந்து போகவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கதவுகள் சாத்தும் சத்தம். கீலிச் வாசலில் வந்து நின்றான். கண்கள் வீங்கியிருந்தன, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திருந்தான்.

"சித்தி, வீட்டுக்கு விருந்தாளிங்க வந்திருக்காங்க. நாரீன்லேர்ந்து. வாங்க போலாம்."

புருல் அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வந்துட்டியா மேதாவி! உன்னாலதாண்டா எல்லாம். இவனும் அப்பலேர்ந்து குடைஞ்சுக்கிட்டிருக்கான், ஒண்ணும் ஆகல. பேருதான் பெரிசு, வேலை தெரியாதவன்." எழுந்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த இடத்தில் கறுப்பு ஒயர் இருந்தது. அதைச் சுருட்டி நுர்காஸியின் பக்கம் மெல்லத் தள்ளினாள். "விருந்தாளிக்கு டீத்தூள் இருக்கோ என்னவோ," என்று சொல்லிக்கொண்டே கீலிச்சின் கையைப் பிடித்து வெளியே இறங்கினாள்.

அவர்கள் வரிசையின் முனையில் திரும்பும்வரை யாரும் அசையவில்லை. பிறகு சாக்ஸ் கடைக்காரி ஷட்டரை இழுத்தாள். அடுத்த கடை. அதற்கடுத்தது.

நுர்காஸி சால்டரிங் கம்பியை அணைத்தான். லேப்டாப்பில், உடம்பைக் கேட்டு நின்ற வரி அப்படியே நின்றது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். பின்தெருவில் முதலில் எதுவும் கேட்கவில்லை. இந்நேரம் பெரியவர் ஆரம்பித்திருப்பார். பறவையா, குதிரையா. அவர் பாதியில் நிறுத்திவிடுவாரோ, அவள் முகம் காட்டிக் கொடுத்துவிடுமோ என்றே நினைத்துக்கொண்டிருந்தான். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவரை முழுக்கச் சொல்ல விட்டிருக்கிறாள். ஒரு சொல் மிச்சமில்லாமல் சொல்ல விட்டிருக்கிறாள். அதன்பின்தான் அந்தக் குரல் எழுந்தது. ஒரு காலத்தில் மலைக்கு அப்பாலிருந்த ஊர்களைக் கூப்பிட்ட குரல்.

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு கடையைப் பூட்டினான். சாவு வீட்டுக்குப் போகிற ஆண்கள் தெருமுனையிலிருந்தே சொந்த ரத்தத்தைக் கூப்பிடுவதுபோல 'என் ஈரலே' என்று கதறிக்கொண்டு ஓட வேண்டும். முனையில் அவன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. திறந்த வாயோடு நடந்தான்.

வீட்டு வாசலில், துக்கம் காக்கிற ஆண்களின் வழக்கப்படி இடுப்பில் துண்டு கட்டி, தடியை ஊன்றிச் சாய்ந்து கீலிச் அழுதுகொண்டிருந்தான். நுர்காஸியைப் பார்த்ததும் கட்டிப் பிடித்துக்கொண்டான். உள்ளே பெண்களின் ஒப்பாரிக்கு நடுவே அவள் குரல் மட்டும் தனியாக ஏறி இறங்கியது.

"அண்ணே, கடைசி வரைக்கும் அவங்களுக்குத் தெரியாதுல்ல?" என்று காதோரம் கேட்டான். "உங்க கடையில... சந்தேகம் கிந்தேகம்..."

நுர்காஸி அவன் கண்ணை நேராகப் பார்த்தான்.

"தெரியாதுடா," என்றான். "கறுப்பு ஒயரு கடைசி வரைக்கும் ஒட்டவே இல்ல."

கீலிச் நம்பினான். நுர்காஸி அவனுக்குப் பக்கத்தில் சுவரோரமாக இடம் பிடித்து நின்றுகொண்டான்.